கவருக்குள் 5 டாலர்

எங்கள் பேண்டு எப்போது கலைந்தது என்று கேட்டால் என்னால் தேதி சொல்ல முடியாது. சண்டை எதுவும் நடக்கவில்லை. வாட்சாப் குழுவில் கிட்டார்க்காரன் ஒருநாள் "சனிக்கிழமை ஜாம்மிங் உண்டா?" என்று கேட்டிருந்தான். நான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படித்தேன். தூங்கி எழுந்து பதில் போடலாம் என்று நினைத்தேன். போடவில்லை. மற்ற இருவரும் போடவில்லை. அந்தக் கேள்விதான் இன்றைக்கும் அந்தக் குழுவின் கடைசி வரி.

போன மாதம் அம்மா கேட்டார், "அந்த பேண்டு என்னாச்சிப்பா?"

"நின்னு போச்சிம்மா" என்றேன். யார் நிறுத்தினார்கள் என்று அவர் கேட்கவில்லை.

மம்பாவில் செம்பனை ஓரமாக இருக்கும் வீட்டிலிருந்து, முதுகில் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு கப்சாயில் சிரம்பானுக்குப் போவேன். கடை வீட்டு மாடியில் ஒரு ஜாம்மிங் ஸ்டூடியோ. மணிக்கணக்கில் வாடகை, நால்வரும் பங்கு போட்டுக்கொள்வோம். நாங்கள் வாசிக்க முயன்றது போஸ்ட் ஹார்ட்கோர். ஹார்ட்கோர் பங்க்கின் கோபம் அதில் இருக்கும். ஆனால் ஒரே வேகத்தில் ஓடாது. திடீரென்று நிற்கும், தாளம் உடையும், முணுமுணுப்பு கத்தலாக மாறும். உறுமி மேளம் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த நிறுத்தமும் வெடிப்பும் அந்நியமாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. "என்னடா, வயித்து வலியா?" என்பார்.

அந்த இசைக்குள் எங்களைக் கொண்டுபோனது ஃபுகாசி. கிட்டார்க்காரன்தான் முதலில் கேட்க வைத்தான். 1987 செப்டம்பர் 3-ஆம் தேதி வாஷிங்டன் டிசியில் அவர்களுடைய முதல் மேடை. இயன் மெக்கே, கை பிசியாட்டோ, ஜோ லேலி, பிரெண்டன் கேன்டி என்ற நான்கு பேர்தான் கடைசிவரை. 1990-இல் 'ரிப்பீட்டர்' தொடங்கி 2001-இல் 'தி ஆர்கியுமென்ட்' வரை ஆறு முழு ஆல்பங்கள். எல்லாம் மெக்கே 1980-இல் நண்பர்களோடு தொடங்கிய டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் வழியாகவே வந்தன. அந்த லேபல் பேண்டுகளோடு ஒப்பந்தம் எழுதுவதில்லை. செலவு போக மிஞ்சுவதைப் பகிர்ந்துகொள்ளும். பெரிய கம்பெனிகள் தேடி வந்தபோதும் ஃபுகாசி போகவில்லை.

அவர்கள் டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர். எந்த வயதுக்காரரும் உள்ளே வரலாம். டிசட்டை விற்பதில்லை. மேனேஜர் கிடையாது. செலவைக் குறைத்துக்கொண்டதால்தான் அந்த விலை சாத்தியமானது. கூட்டத்தில் யாராவது மற்றவர்களை அடித்து மிதித்து ஆடினால் பாட்டை நிறுத்திவிட்டு மரியாதையாகச் சொல்வார்கள். கேட்காவிட்டால், தயாராக வைத்திருக்கும் கவரில் 5 டாலரைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். வெளியே தள்ளும் ஆளுக்கும் காசு திரும்பிப் போக வேண்டும் என்ற அந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நண்பர்களிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன்.

அப்படிச் சொன்ன நான்தான் பிறகு இதைச் செய்தேன். கோலாலம்பூரில் ஒரு கிக். ஏற்பாட்டாளர் 30 டிக்கெட்டைக் கொடுத்து, ஒன்று 25 வெள்ளி, விற்காததற்கு நீங்களே கட்ட வேண்டும் என்றார். கிட்டார்க்காரன் வேண்டாம் என்றான். "வாசிக்கிறதுக்கு நாமளே காசு கட்டணுமாடா?"

"ஒரு தடவதானே மச்சான். நாலு பேரு பாத்தாதான் மேல போவ முடியும்" என்று பேசிப்பேசி நான் சம்மதிக்க வைத்தேன். விற்றது 11 டிக்கெட். மீதி 19-க்கு 475 வெள்ளி. ஆளுக்கு 118 வெள்ளி 75 காசு. மேடையில் எங்களுக்குக் கிடைத்தது மூன்று பாட்டு. நான்காவதைத் தொடங்கும்போது ஒலிபெருக்கியை அடைத்துவிட்டார்கள்.

நான் அப்போதுதான் டிகிரி முடித்து செனவாங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எனக்கு அது பெரிய தொகை இல்லை. அவன் கிடங்கில் நாள்கூலி. அந்த மாத மோட்டார் தவணையைத்தான் கொடுத்திருக்கிறான் என்று பிறகு டிரம்ஸ் பையன் சொல்லித் தெரிந்தது. அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பேசவில்லை. ஷிப்டைச் சாக்கு வைத்து ஜாம்மிங்குக்குப் போவதைக் குறைத்தேன். கொஞ்ச நாளில் அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம், கொள்கையெல்லாம் அமெரிக்காக்காரனுக்குத்தான் கட்டுப்படியாகும் என்பது. அதையும் சொல்ல முடியாதபடி பக்கத்திலேயே ருத்ரா இருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1992-இல் நம் ஆட்கள் தொடங்கிய மெட்டல் பேண்டு. தங்கள் இசையை 'வேதிக் மெட்டல்' என்பார்கள். போஸ்ட் ஹார்ட்கோர் இல்லை, வேறு கூட்டம், வேறு சத்தம். இடையில் ஒருமுறை கலைந்து, மறுபடி சேர்ந்து, 1998-இல்தான் முதல் ஆல்பம். 'பிரம்மவித்யா' என்ற மூன்று ஆல்பங்களை 2005, 2009, 2011 என்று முடித்தார்கள். 2016-இல் 'எனிமி ஆஃப் டுவாலிட்டி'. கதிரும் ஷிவாவும் தொடக்கத்திலிருந்து இருப்பவர்கள். வானொலியில் தினமும் ஒலிக்கிற இசை இல்லை அது. பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே பல ஆண்டுகள் வாசித்தார்கள். நான் 'மேல போவணும்' என்று சொன்னேனே, அந்த 'மேல' எங்கே இருக்கிறது என்று அவர்களை நினைக்கும்போது எனக்கே தெரியவில்லை. ஒரு பேண்டு எவ்வளவு உயரம் போனது என்பதைவிட, தங்களுக்குள் பேசி வைத்ததை எத்தனை நாள் காப்பாற்றினார்கள் என்பதைத்தான் இப்போது பார்க்கிறேன்.

ஃபுகாசியின் கடைசி மேடை 2002 நவம்பர் 4, லண்டன். அதற்குப் பிறகு பிரிந்துவிட்டோம் என்று அறிவிக்கவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள். லேலியும் கேன்டியும் மெஸ்தெடிக்ஸ் என்ற குழுவில் சேர்ந்து வாசிக்கிறார்கள். மெக்கேயும் லேலியும் கொரிக்கி என்ற பேண்டில் சேர்ந்து 2020-இல் ஆல்பம் போட்டார்கள். ஆக, நின்றது பேண்டு மட்டும்தான்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தவர்கள் அவர்கள். அதில் 800-க்கும் மேல் ஒலிப்பதிவாகி இருந்தன. 2011 டிசம்பரிலிருந்து ஒவ்வொன்றாக இணையத்தில் போட்டார்கள். கேட்கிறவர் கொடுக்கச் சொன்ன விலை அதே 5 டாலர். சத்தம் சரியில்லாத இரவுகளும் அதில் உண்டு. பொறியாளனாக எனக்கு அது ஆச்சரியம். நாங்கள் தொழிற்சாலையில் சரியில்லாததை முதலில் ஒதுக்கித் தள்ளுவோம்.

அம்மா கேட்ட அன்று இரவு பழைய கைப்பேசியைச் சார்ஜில் போட்டேன். 14 ஒலிப்பதிவுகள் இருந்தன. கரகரப்பு, சிரிப்பு, "டேய், மறுபடி மொதல்லருந்து" என்ற அவன் குரல். எல்லாவற்றையும் அவனுக்கு அனுப்பினேன். கூடவே வங்கிக் கணக்குக்கு 118 வெள்ளி 75 காசு போட்டுவிட்டு, "அன்னைக்கி நீ சொன்னதுதான் சரி. நான்தான் கேக்கல. மன்னிச்சிருடா" என்று எழுதினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலை, நான் ஷிப்ட் முடிந்து கப்சாயை எடுக்கும்போது வந்தது. காசைப் பற்றி ஒன்றுமில்லை.

"எல்லாத்தையும் கேட்டேன். ஒன்னுலகூட உன் பேஸ் சத்தமே கேக்கலடா."