2018: நம்ம நாட்டுக் கால்பந்தில் ஒரு வருஷம்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

2018 கால்பந்து என்றால் உங்களில் பாதிப் பேர் பிரான்ஸ் என்பீர்கள். ஜூலை 15ஆம் தேதி மாஸ்கோவில் குரோஷியாவை 4-2 என்ற கோல் கணக்கில் ஜெயித்து உலகக்கோப்பையைத் தூக்கினார்கள். எம்பாப்பே என்ற பெயர் இண்டூர் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது அப்போதுதான். அதே வருஷம் நம் நாட்டுக்குள் யார் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் பத்தில் ஒருவர்கூடச் சொல்ல மாட்டீர்கள். இன்றைக்கு அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஏன் என்பதைப் பாதியில் சொல்கிறேன்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு ஊர் பெயர் மனதில் நிற்காது. கட்டாக் எங்கே இருக்கிறது என்றால் அஸ்ஸாமைக் காட்டுவார்கள். அதனால் ஒரு வேலை செய்தேன். நாட்டில் எங்கே பெரிய கால்பந்துப் போட்டி முடிந்தாலும், வகுப்பில் மாட்டியிருந்த இந்திய வரைபடத்தில் அந்த ஊரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்ட வேண்டும். பொட்டு பெண் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். செய்தியைப் பேப்பரில் தேடிக் கொண்டுவருவது பையன்கள் பொறுப்பு.

முதல் பொட்டு பிப்ரவரியில் ஒடிசாவில் விழுந்தது, கட்டாக்கில். மாநிலங்களுக்கு இடையிலான தேசிய சீனியர் பெண்கள் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி. ஒரு பக்கம் மணிப்பூர். பெண்கள் கால்பந்தில் அவர்கள் வைத்ததுதான் சட்டம், வருஷக்கணக்காகக் கோப்பையைத் தங்கள் வீட்டிலேயே வைத்திருந்தவர்கள். இன்னொரு பக்கம் தமிழ்நாடு. நந்தினி ஒரு கோல், கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் ஒரு கோல். 2-1 என்று தமிழ்நாடு ஜெயித்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் தடவை. பேப்பரில் எங்கள் பையன்கள் தேடியபோது விளையாட்டுப் பக்கத்தின் அடியில் உள்ளங்கை அளவு செய்தி. படம் இல்லை. அதைத்தான் வெட்டி ஒட்டினோம்.

மார்ச் 8ஆம் தேதி ஐ-லீக் முடிந்தது. கடைசி நாள் காலையில்கூட நான்கு அணிகளுக்குக் கோப்பை வாய்ப்பு இருந்தது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற இரண்டு பெரிய வீடுகளையும் தாண்டி, பஞ்சாபின் மினர்வா 35 புள்ளிகளோடு ஜெயித்தது. நம் சென்னை சிட்டி அணி 10 அணிகளில் 8ஆம் இடம். இந்த 8ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஒன்பது நாள் கழித்து ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டி பெங்களூரு கண்டீரவா மைதானத்தில். நம் தருமபுரிப் பிள்ளைகளில் பாதிப் பேர் பிழைப்புக்குப் போயிருக்கும் ஊர். பெங்களூரு எஃப்.சி.க்குச் சொந்த மண். சுனில் சேத்ரி 9ஆம் நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டார். ஆனால் சென்னையின் அணியின் பிரேசில்காரர் மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டி இரண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3-2. சென்னைக்கு இரண்டாவது கோப்பை. அங்கே வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் டிக்கெட் எடுத்துப் போயிருந்தான். ராத்திரி போன் செய்து, "சுத்தி எல்லாம் அவங்க ஆளுங்க சார். கத்தவும் முடியல, அடக்கவும் முடியல" என்றான். அந்த அணியின் நடுக்களத்தில் ஓடியவர் வியாசர்பாடி தனபால் கணேஷ். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக கோலும் போட்டவர். வியாசர்பாடியில் சந்துக்குச் சந்து பந்து உதைப்பார்கள். அந்தத் தெருவிலிருந்து வந்த பிள்ளை அவர்.

ஏப்ரல் 1ஆம் தேதி கொல்கத்தா. 1941இல் தொடங்கிய சந்தோஷ் கோப்பை. வங்காளத்தின் வீட்டுக்கே போய் கேரளா பெனால்டியில் ஜெயித்தது, ஆறாவது முறையாக. அதே மாதம் ஷில்லாங்கில் பெண்கள் லீக்கை ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடன்ட்ஸ் கிளப் வென்றது. ஏப்ரல் 20ஆம் தேதி புவனேஸ்வரத்தில் முதல் சூப்பர் கோப்பையை, ஈஸ்ட் பெங்காலை 4-1 என்று அடித்து பெங்களூரு எடுத்தது. கோடை விடுமுறைக்குள் வரைபடத்தில் ஆறு பொட்டு. கட்டாக்கையும் புவனேஸ்வரத்தையும் இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

ஜூனில் புது செட் பிள்ளைகள் வந்த சமயம், மும்பையில் இந்திய அணி விளையாடிக்கொண்டிருந்தது. ஜூன் 1ஆம் தேதி சீன தைபேயை 5-0 என்று ஜெயித்தது. சேத்ரி ஹாட்ரிக். மைதானத்தில் இருந்தது 2,569 பேர். ஒரு பெரிய முகூர்த்தத்துக்கு நம் பக்கத்தில் வருகிற கூட்டம். நாட்டின் கேப்டனுக்கு அவ்வளவுதான். மறுநாள் அவர் ஒரு வீடியோ போட்டார். எங்களைத் திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஜூன் 4ஆம் தேதி கென்யாவோடு ஆட்டம், அவருக்கு 100ஆவது சர்வதேசப் போட்டி. கொட்டுகிற மழையில் மைதானம் நிறைந்தது. 3-0. பத்தாம் தேதி இறுதிப்போட்டியிலும் கென்யாவை 2-0 என்று வென்றார்கள். அந்த இரண்டு கோலும் சேத்ரி. நாட்டுக்காக 64 கோல், அன்றைய தேதிக்கு மெஸ்ஸிக்குச் சமம்.

நல்லது மட்டும் நடக்கவில்லை. ஆகஸ்டில் ஆசிய விளையாட்டுக்கு, ஆசியத் தரவரிசையில் முதல் எட்டுக்குள் இல்லை என்று சொல்லிக் கால்பந்து அணியை அனுப்பவில்லை. அதே ஆகஸ்டில் ஸ்பெயினில் நம் 20 வயதுக்குட்பட்ட பையன்கள் 10 பேராக நின்று அர்ஜென்டினாவை 2-1 என்று ஜெயித்தார்கள். அந்த அர்ஜென்டினாப் பையன்களின் பயிற்சியாளர் ஸ்கலோனி, 2022இல் மெஸ்ஸியோடு உலகக்கோப்பை வாங்கினாரே, அவரேதான். செப்டம்பரில் டாக்காவில் தெற்காசியக் கோப்பை இறுதியில் மாலத்தீவிடம் தோற்றோம். அக்டோபர் 1ஆம் தேதி 16 வயதுக்குட்பட்ட அணி தென்கொரியாவிடம் ஒரே ஒரு கோலில் தோற்று, உலகக்கோப்பைக்குப் போகும் வாசலில் நின்று திரும்பியது.

இப்போது அந்த 8ஆம் இடம். அக்டோபர் 26ஆம் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில் அடுத்த ஐ-லீக் தொடங்கியது. அதே சென்னை சிட்டி, சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி, நம் ஊர்ப் பிள்ளைகள் எட்வின், ரொமாரியோ. மான்சி மட்டும் 21 கோல். 2019 மார்ச் 9, கடைசி நாள். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டு முந்தியது. இவர்கள் விடவில்லை, 3-1 என்று திருப்பினார்கள். 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரு புள்ளியில் நாட்டின் சாம்பியன். எட்டாவது ரேங்க் வாங்கிய பிள்ளை அடுத்த வருஷம் முதல் ரேங்க் வாங்கிய கதை. இரண்டு மாதம் கழித்து லூதியானாவில் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் லீக்கையும் வென்றது.

இனி காரணத்துக்கு வருகிறேன். போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அவன் மகள் எட்டாவது படிக்கிறாள். மாவட்ட அணித் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். "பொம்பளப் புள்ளைக்கு ஃபுட்பால் எதுக்கு சார்? வெயில்ல கறுத்துப் போயிடுவா. சொந்தக்காரங்க டவுசர் போட்டு ஓடறான்னு பேசறாங்க. நீங்களே அவகிட்ட வேணாம்னு சொல்லுங்க" என்றான். வேறு யார் கேட்டிருந்தாலும் போனிலேயே முடித்திருப்பேன். இவன் வெறுங்காலோடு நம் மைதானத்தில் பந்து உதைத்து, நகம் பெயர்ந்து, நான் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்ட பையன். இதே கேள்வி உங்கள் பல வீடுகளிலும் ஓடுகிறது என்று தெரியும். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

தம்பி, அந்த வருஷம் தமிழ்நாட்டுக்கு வந்த முதல் கோப்பையை வாங்கி வந்தது பெண் பிள்ளைகள். பிரேசில்காரர் இல்லை, ஸ்பெயின்காரர் இல்லை, முதல் போட்டவர்கள் யாரும் இல்லை. நம் வீடுகளைப் போன்ற வீடுகளிலிருந்து போனவர்கள். கட்டாக்கில் கோல் போட்ட இந்துமதி இன்றைக்குத் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். இந்திய அணிக்கும் ஆடியவர். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

அதற்காக உன் மகளுக்கு வேலை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். பந்து உதைக்கும் ஆயிரம் பேரில் ஒருத்திதான் இந்துமதி ஆவாள். கோப்பையும் நிலைப்பதில்லை. ஐ-லீக் வென்ற அந்தச் சென்னை சிட்டி இன்று தேசிய லீக்கிலேயே இல்லை. என் வகுப்பில் பொட்டு ஒட்டிய பெண்களில் யாரும் வீராங்கனை ஆகவில்லை. ஒருத்தி ஓசூரில் நர்ஸ், ஒருத்தி திருப்பூரில், ஒருத்திக்கு இரண்டு பிள்ளைகள். ஆனால் அவர்களில் நான்கைந்து பேர் கட்டாக் செய்தியைப் படித்த வாரத்தில், பையன்கள் மட்டும் ஆடிய மைதானத்தில் இறங்கி, "எங்களுக்கும் பந்து குடுங்க" என்று கேட்டார்கள். உள்ளங்கை அளவு செய்திக்கு அவ்வளவு பலம் இருந்தது. பக்கத்தில் ஒருத்தி ஓடுவதைப் பார்த்தால் இன்னும் எத்தனை பேர் கேட்பார்கள், யோசித்துப் பார்.

வெயிலில் கறுப்பாள் என்றாய். கேழ்வரகு அறுக்கவும், புளி தட்டவும், ஆடு ஓட்டவும் நம் பெண்கள் எந்த நிழலில் நின்றார்கள்? அப்போது யாரும் நிறம் பார்க்கவில்லை. சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள் என்றாய். அந்தச் சொந்தத்தில் பாதிப் பேர் இந்தப் பதிவையும் படிக்கிறார்கள். அத்தைமார்களே, சித்தப்பாமார்களே, அந்தப் பிள்ளையிடம் ஜெயிச்சியா என்று கேட்க வேண்டாம். போய் ஓரமாக நின்று ஒரு ஆட்டம் பாருங்கள். நாட்டின் கேப்டனே கெஞ்சிக் கேட்டது அதைத்தானே.

தேர்வு வருகிற சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தருமபுரியில். இண்டூரிலிருந்து பஸ்ஸில் நான் கூட்டிப்போகிறேன், பென்ஷன்காரனுக்கு வேறு வேலை என்ன. பிள்ளையின் கால் அளவை மட்டும் இன்று ராத்திரிக்குள் அனுப்பு. பூட்ஸ் நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சோசியல் வாத்தியார்,
இண்டூர்.