சத்தம் போடாத வண்டி

அப்பா விட்டுப்போன ஹோண்டா சி70, சில வாரங்களாகக் காலையில் கிளம்ப அடம் பிடித்தது. பத்து உதை, பன்னிரண்டு உதை. ஓடத் தொடங்கிவிட்டால் சத்தமே இராது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பீடோங்கிலிருந்து சுங்கைப் பட்டாணி போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை. "இன்ஜின்ல சத்தம் ஒன்னும் இல்லண்ணே, ஸ்டார்ட்தான் ஆக மாட்டேங்குது" என்றேன்.

"சத்தம் இல்லாததுதான் கோளாறோ என்னவோ" என்றார் பட்டறைப் போமன். சிலிண்டர் ஹெட்டில் கைவைத்து உடனே எடுத்துக்கொண்டார். "சுடுது. ஆறட்டும். டேப்பட்டைச் சூட்டுல பாக்கக்கூடாது."

ஆறுவதற்குள் இரண்டு முறை தேத்தண்ணி குடித்தோம். மூன்று கப்சாய் வண்டிகள் வந்துபோயின. இவற்றின் முன்னோடியான சூப்பர் கப் ஜப்பானில் வெளியான 1958இல்தான் பினாங்கு வியாபாரி லோ பூன் சியூ ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். அவரும் பஸ் கழுவி, பட்டறையில் தொழில் பழகி முன்னுக்கு வந்தவர். அந்த வண்டிகள் பிற்பாடு தோட்டத்து லயங்களின் வாசலுக்கும் வந்தன. காலைப் பெரட்டுக்குப் போவதும் பால் வாளி சுமப்பதும் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விடுவதும் அவற்றில்தான்.

இன்ஜின் ஆறியதும் இடப்பக்க மூடியைக் கழற்றினார். ஃப்ளைவீலை இடஞ்சுழியாகத் திருப்பி, 'டி' குறியைக் கோட்டுக்கு நேராக நிறுத்தினார். ஹெட்டில் மேலும் கீழுமாக இருந்த இரண்டு மூடிகளும் திறந்தன. மேலே இன்டேக், கீழே எக்சாஸ்ட். மேல் ராக்கர் விரலுக்கு லேசாக ஆடியது. கீழ் ராக்கர் அசையவில்லை.

"ரெண்டுமே ஆடலன்னா நாம ஸ்ட்ரோக்கைத் தப்பா புடிச்சிருக்கோம், இன்னொரு சுத்து சுத்தணும். ஒன்னு ஆடி ஒன்னு ஆடலன்னா, அது டைட்டு."

ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 0.05 மில்லிமீட்டர். தலைமுடிகூடப் பெரும்பாலும் இதைவிடத் தடிமன். இடைவெளி கூடினால் வால்வு பிந்தித் திறக்கும், 'டிக் டிக்'கென்று சொல்லிக் காட்டிவிடும். குறைந்தால் சத்தம் வராது. வால்வு முழுதாக மூடாது. மூடியிருக்கும் நேரத்தில்தான் எக்சாஸ்ட் வால்வு தன் சூட்டை சீட்டுக்கு இறக்குகிறது. அது கிடைக்காமல் போனால் விளிம்பு கருகும், கம்ப்ரஷன் ஒழுகும். ஓட ஓட வால்வு சீட்டுக்குள் அமுங்குவதால் இடைவெளி தானாகவே குறைவதும் உண்டு. என் பெருமையின் லட்சணம் அது.

போமன் வாலிபத்தில் மரம் சீவியவர். "இதுவும் பால்மரம் மாதிரிதான் தம்பி. மேலாக்க சீவுனா பால் மங்கு நெறயாது. ஆழமா போட்டா அன்னிக்குப் பால் நல்லா வரும். மண்டோர்கூட ஒன்னும் சொல்லமாட்டாரு. மரந்தான் காயம்பட்டுப் போவும்." விடியுமுன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், பட்டைக்குள் இருக்கும் உயிர்ப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் உளியை நிறுத்திய கை அது.

9ஆம் நம்பர் ஸ்பானரால் நட்டைத் தளர்த்தினார். 0.05 தகட்டைச் செருகி, அது லேசாகப் பிடித்துப் பிடித்து நழுவும்வரை திருகைத் திருப்பினார். திருகை அசையாமல் பிடித்தபடி நட்டை இறுக்கி, மறுபடியும் தகட்டை விட்டுப் பார்த்தார். இறுக்கும்போது அளவு ஓடிவிடுமாம்.

"நீ பாரு" என்று 0.05ஐயும் 0.06ஐயும் மாற்றிமாற்றிக் கொடுத்தார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

"ரெண்டு மாசம் மரம் சீவியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

இரண்டாவது உதையில் வண்டி பிடித்தது. தையல் மிஷின் போல மெல்லிய 'டிக் டிக்'. "சத்தம் வருதே" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அவர் சீவிய மரங்கள் நின்ற இடத்தில் இன்று செம்பனை. பட்டறையில் வேலை பழகும் பையன் உளியைத் தொட்டதே இல்லை. நான் கிளம்பும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பழைய ஹெட்டில் தகட்டைச் செருகி இழுத்துக்கொண்டிருந்தான். "அஞ்சா, ஆறா?" என்று கேட்டார் போமன். பையன் உடனே பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான்.