மணவறைக்கு முதுகு காட்டி

கல்யாணப் படம் எடுக்க நான் கற்றுக்கொண்டது என் மாமாவிடம். ஃபிலிம் காலத்து ஆள். ஒரு சுருளுக்கு 36 படம்தான் என்பதால் எதையும் வீணாக்க மாட்டார். மாப்பிள்ளை தாலியோடு குனிந்ததும், “தம்பி, அப்படியே இருங்க, ரெண்டு பேரும் இங்க பாருங்க” என்பார். கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருக்கும், மாப்பிள்ளை முடிச்சைப் பிடித்தபடி நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். நம் வீட்டுப் பழைய ஆல்பங்களைப் புரட்டினால் அந்தச் சிரிப்பைப் பார்க்கலாம்.

நான் அதற்கு நேரெதிர். யாரையும் நிற்கச் சொல்வதில்லை, சிரிக்கச் சொல்வதில்லை. பிரெஞ்சுக்காரர் கார்ட்டியே பிரெஸ்ஸோன் ஃபிளாஷ் போடாமல், பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றோடு தெருத்தெருவாக எடுத்தாரே, அதைக் கல்யாண மண்டபத்தில் செய்துபார்க்கும் ஆசை. மண்டபத்து விளக்கில் அப்படி எடுக்க ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்ற வேண்டியிருக்கும்; படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும். பரவாயில்லை. ஃபிளாஷ் ஒருமுறை அடித்தால் போதும், எல்லாரும் முகத்தைச் சரிசெய்துகொள்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் சிராங்கூன் சாலை பிஜிபி மண்டபத்தில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அப்பா இல்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் தாரை வார்த்தார்கள். அம்மா விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தார். பூக்காரருக்குப் பணம், சமையல்காரருக்குப் பதில், கையில் அங்பாவ் பை. மேடைப் பக்கம் மட்டும் வரவில்லை. வராதே என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லாமலே நடக்கும் விஷயம் அது.

தாலி கட்டுவது சில வினாடிதான். மேடையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு கேமராவோடு என் உதவியாளர் இருந்தார். கெட்டிமேளம் கேட்டதும் நான் மணவறைக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். எங்கும் உயர்ந்த கைகள், பாதியில் கைப்பேசி. அவற்றின் இடைவெளியில், பின்கதவோரமாக அந்த அம்மா. ஒரு கையால் அங்பாவ் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் அட்சதை வீசினார். அது மேடைவரை எங்கே போகும்? நாலு வரிசை தள்ளி யாரோ ஒருவர் தோளில் விழுந்தது. மூன்று படம் எடுத்தேன். நடுப்படம் நன்றாக வந்திருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பெண் படங்களைப் பார்க்க வந்தார். ஒவ்வொன்றாகச் சிரித்துச் சிரித்துத் தள்ளிக்கொண்டே வந்தவர் அந்த ஒன்றில் நின்றார்.

“அம்மா அங்கயா நின்னாங்க?”

மணவறையில் தலை குனிந்திருந்தவருக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “அண்ணே, நீங்க பார்த்தீங்கதானே? முன்னால வாங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

நான் யாரையும் நகர்த்துவதில்லை, அதுதான் என் பாணி என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்குக் கூச்சமாகிவிட்டது. கதவோரத்தில் அவரை நான் முதலில் பார்த்தது கெட்டிமேளத்துக்கு 20 நிமிடம் முன்பு. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாரா, தெரியாது. ஆனால் அந்த 20 நிமிடமும் நான் யோசித்தது கதவு வழியாக வந்த வெளிச்சத்தைப் பற்றித்தான்.

இப்போதும் யாரையும் சிரிக்கச் சொல்வதில்லை. ஆனால் முதல் சந்திப்பிலேயே, தாலி ஏறும்போது பக்கத்தில் யார் யார் இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். சில வீடுகளில் அந்தக் கேள்விக்கே சத்தம் வந்துவிடும். ஒரு வீட்டில் வேலையே கைவிட்டுப் போனது. படம் எடுக்க வந்தவனுக்கு எதற்கு இந்த விசாரணை என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

அந்தப் படம் ஆல்பத்தில் இல்லை. பெண் வேண்டாம் என்றுவிட்டார். சில மாதம் கழித்து அம்மாவே கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

“தம்பி, அந்தக் கதவோரப் படம். மக காட்டிட்டு ஒரே அழுகை. அதுக்குத் தெரிய வேணாம், எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. சின்னதா போதும். எவ்வளவு ஆகும்?”