அப்பா வந்தார், அம்மா வந்தாள்

தமிழில் ஒருவருக்கு உரிய மதிப்பை அறிய, அவரைப் பற்றிய வாக்கியம் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. வினைச்சொல்லின் ஈற்றைப் பார்த்தாலே போதும். வந்தான், வந்தாள், வந்தார் என்னும் மூன்று சொற்களிலும் வருகை ஒன்றே. ஆனால் வந்தவருக்கு நாற்காலியா, திண்ணையா, அடுப்படியா என்பதை அந்த இறுதி எழுத்துகள் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவியரின் தமிழ்க் கட்டுரை ஏடுகளைத் திருத்தி வந்த நமக்கு, 'என் குடும்பம்' என்னும் தலைப்பு மிகவும் பழக்கமானது. "என் தந்தை அலுவலகத்திற்குச் செல்கிறார். என் தாய் சமைக்கிறாள்" என்றே பெரும்பாலான ஏடுகள் தொடங்கும். எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை, மதிப்பெண்ணைக் குறைக்க இலக்கணம் இடம் தராது. அந்தத் தாயும் விடியலில் எழுந்து, பேருந்து பிடித்து, வேறொரு பள்ளியில் பாடம் நடத்திவிட்டுத் திரும்புகிறவராக இருக்கலாம். இருந்தும் மகளின் ஏட்டில் அவருக்குக் கிடைப்பது 'ஆள்' விகுதிதான். அத்தகைய இடங்களில் பிழைக்குறி இடாமல், ஓரத்தில் ஒரு வினாவை மட்டும் எழுதி வைப்போம்: "தாய்க்கு ஏன் 'ஆர்' இல்லை?" பலர் பதில் எழுதியதில்லை. ஒருத்தி மட்டும், "அம்மா எங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பதால்" என்று எழுதியிருந்தாள்.

அழகான பதில் அது. பெரியவர்களும் அதையே வேறு விதமாகச் சொல்வதுண்டு. "அம்மாவை 'நீ' என்பது நெருக்கத்தினால். கடவுளையே 'நீ' என்று அழைத்துப் பாடிய மரபு அல்லவா நம்முடையது?" என்பர். அதில் உண்மை இருக்கிறது. அன்பு மிகும்போது பன்மை கரைந்து ஒருமையாவதைப் பக்தி இலக்கியம் படித்த எவரும் அறிவர். ஆயினும் அந்த நெருக்கம் தந்தையிடம் மட்டும் ஏன் வாய்ப்பதில்லை? கணவரை 'நீங்கள்' என்னும் மனைவியும், மனைவியை 'நீ' என்னும் கணவரும் ஒருவரையொருவர் மனமார நேசிக்கலாம். ஆனால் நெருங்கும் உரிமை ஒருவருக்கு, மதிக்கும் கடமை மற்றவருக்கு என்னும் பங்கீட்டை அன்பு செய்து தரவில்லை. பழக்கம் செய்து தந்தது.

குறை தமிழில் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 'அவர்' என்பது இலக்கணப்படி பலர்பால். பலர்பாலில் ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. ஒருவரைப் பலராக எண்ணிப் போற்றுவதற்கு அச்சொல்லை நாம் எடுத்துக்கொண்டோம். இருபாலாரையும் ஒரே மதிப்போடு குறிக்கும் சொல்லுக்காகப் பிற மொழியினர் சிலர் இன்றும் விவாதித்துக்கொண்டிருக்க, நம் வீட்டுப் பெட்டியில் அது பழங்காலம் முதலே இருக்கிறது. எடுத்துக் கொடுப்பதில்தான் நமக்குக் கைச்சுருக்கம்.

பெயரில்லாத ஆண்கள்

வழக்குச் சொற்களுக்குள் நுழைந்தால் இக்கைச்சுருக்கம் இன்னும் தெளிவாகும். கணவரோடு வாழ இயலாமல் தாய்வீடு திரும்பியவளுக்கு 'வாழாவெட்டி' என்றொரு பெயர் உண்டு. அவளைத் துரத்தியவனுக்கு என்ன பெயர்? குழந்தையின்மைக்கு ஆணின் உடற்குறையும் காரணமாகலாம் என்று மருத்துவம் எப்போதோ சொல்லிவிட்டது. ஆனால் 'மலடி' என்ற சொல் திரியும் தெருவில் 'மலடன்' என்ற சொல்லை நாம் கேட்டதில்லை. இருவர் சேர்ந்து ஊரை விட்டுப் போனாலும் 'ஓடுகாலி' ஆகிறவள் ஒருத்தியே. உடன் ஓடியவனின் கால்கள் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை.

'இல்லாள்' என்பது இல்லத்திற்கு உரியவள். அதன் ஆண்பால் போலத் தோன்றும் 'இல்லான்' ஒன்றும் இல்லாதவனைக் குறிக்கும். தமிழாசிரியர்கள் இதைப் பெண்ணின் பெருமைக்குச் சான்றாக வகுப்பில் சொல்லி மகிழ்வர். நாமும் சொல்லி மகிழ்ந்ததுண்டு. அதே இல்லாளைப் பற்றி, "உங்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டால் கணவர் சொல்லும் பதில் என்ன? "சும்மாதான் இருக்கிறாள்." மூன்று வேளைச் சமையல், துவைத்தல், பாத்திரம் விளக்குதல், மாமியாருக்கு மருந்து, பிள்ளைக்குப் பாடம் எல்லாம் அந்தச் 'சும்மா'வுக்குள் அடக்கம்.

கைம்மை பற்றிய சொற்களில்தான் மொழியின் நினைவு மிகவும் வியப்பூட்டுகிறது. தொல்காப்பியம் காஞ்சித்திணையில் இரு நிலைகளை அடுத்தடுத்துப் பேசுகிறது. மனைவியை இழந்தவன் நிலை 'தபுதார நிலை'. கணவனை இழந்தவள் நிலை 'தாபத நிலை'. ஆணுக்கும் ஒரு சொல் இருந்திருக்கிறது! ஆனால் பொருளைக் கவனியுங்கள். தபுதாரம் என்பது தாரத்தை இழத்தல். தாபதம் என்பது தவம். அவனுக்கு இழப்பு பெயராகிறது. அவளுக்கு நோன்பு பெயராகிறது. காலப்போக்கில் ஆணுக்குரிய சொல் ஏட்டோடு நின்றுவிட்டது. பெண்ணுக்குரிய நோன்போ விதவை, கைம்பெண், தாலியறுத்தவள் என்று பெயர் மாறி மாறித் தெருவரை வந்துவிட்டது. 'விதவை' என்று எழுதினால் ஒரு புள்ளிகூட இல்லை, 'கைம்பெண்' என்று எழுதினால் இரண்டு புள்ளிகள் உண்டு என்று மேடைகளில் நயம்படச் சொல்வார்கள். எழுத்துக்குக் கிடைத்த பொட்டு நெற்றிக்கு எத்தனை வீடுகளில் கிடைத்தது?

எம் தாயார் கணவரை இழந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. மூன்றாண்டுகள் கழித்து எம் இளைய சகோதரியின் திருமணம் வந்தது. கூடத்தில் பெரியவர்கள் அமர்ந்து அழைப்பிதழ் வாசகத்தை முடிவு செய்தார்கள். அழைப்பவர் பெயராகப் பெரியப்பாவின் பெயர் எழுதப்பட்டது. "அம்மாவின் பெயர்?" என்று கேட்டோம். "மங்கள காரியத்தில் எதற்கு?" என்றார் ஒருவர். அவர் தீயவர் அல்லர். எம் கல்விக் கட்டணத்தை ஈராண்டு செலுத்தியவர். கிறிஸ்தவக் குடும்பத்தில் அத்தகைய விலக்கு எதுவும் இல்லையே என்று சொல்லிப் பார்த்தோம். "நாலு பேர் பார்க்கிற பத்திரிகை" என்று பேச்சு முடிந்தது. அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது தாயார் அதைக் கண்ணுக்கருகே பிடித்து முழுவதும் படித்தார். "எம் பேரு இல்லாட்டி என்ன? முறுக்கு அதிரசமெல்லாம் நான் சுட்டதுதானே" என்றார். சொல்லிவிட்டு அழைப்பிதழை மடித்துச் செபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார். அவர் மறைந்தபின் அது எம் கைக்கு வந்தது. அச்சிடப்பட்ட பெயர்களுக்குக் கீழே, பென்சிலால், மிகச் சிறிய எழுத்தில் தம் பெயரைத் தாமே எழுதி வைத்திருந்தார்.

கதைகளில் வந்தவர்கள்

தமிழின் முதல் நாவல் 1879இல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திரம்'. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பதில் நமக்கு ஒரு தனிப் பெருமிதம் உண்டு. பெண்கல்விக்காக அந்நாளிலேயே 'பெண்மதி மாலை' இயற்றியவர் அவர். நாவலின் பெயர் பிரதாப முதலியாருடையது. அறிவோ பெரிதும் ஞானாம்பாளுடையது. கணவர் அயலூரில் சிக்கிக்கொள்ள, ஆணுடை தரித்து அவரைத் தேடிச் செல்கிறார் ஞானாம்பாள். அரசனற்ற விக்கிரமபுரியில் யானை அவர் கழுத்தில் மாலையிடுகிறது. அரசனாக இருந்து நீதி வழங்கிக் கணவரையும் மீட்கிறார். ஒரு பெண்ணால் நாடாள முடியும் என்று 1879இல் ஒரு தமிழர் எழுதியது சாதாரணமன்று. ஆயினும் அவரை அரியணை ஏற்ற ஆசிரியருக்கு ஓர் ஆணுடை தேவைப்பட்டது. ஞானாம்பாளாகவே அவர் அந்நகருக்குள் சென்றிருந்தால் யானை மாலையிட்டிருக்குமோ என்னவோ, ஊர் ஏற்றிருக்குமா என்பது ஐயமே.

ஒரு சொல் ஒரு வாழ்வை எப்படித் திருப்பும் என்பதை ஜெயகாந்தனைப் போல் காட்டியவர் அரியர். 1966இல் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், அந்நியன் ஒருவனால் காரில் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையானவள் என்று தேற்றுகிறாள். எதிர்ப்பு கிளம்பியது. ஒரு தாய் அப்படிச் சொல்லலாமா என்று கேட்டார்கள். பின்னர் அவரே, அந்தத் தாய் அப்படிச் சொல்லாமல் அலறி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்தார். அதுவே 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது, 1977இல் திரைப்படமாயிற்று. இரண்டிலும் நடந்த கொடுமை ஒன்றே. தாயின் வாயிலிருந்து வந்த சொல் மட்டுமே வேறு. ஒன்றில் மகள் பிழைக்கிறாள். மற்றொன்றில் கங்கா வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு மாலையாகவே பார்க்கப்படுகிறாள். பேச்சில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கலாம்.

திரைப்படங்களில் நமக்குப் பழகிய சொல் 'திமிர்'. அடங்காத மனைவியை அடக்கும் ஷேக்ஸ்பியரின் நாடகம் 1963இல் 'அறிவாளி' ஆனது. 1972இல் 'பட்டிக்காடா பட்டணமா' வந்தது. 1992இல் வந்த 'மன்னன்' படத்தில் தொழிற்சாலையை நடத்திய பெண், கதை முடிவில் பொறுப்பைக் கணவரிடம் விட்டுவிட்டு இல்லத்தரசியாகிறாள். கொட்டகையில் கைதட்டல் எழுகிறது. 1999இன் 'படையப்பா'வில் நீலாம்பரி தோற்று மாள்கிறாள். நிமிர்ந்த நடை, அஞ்சாத பேச்சு, விட்டுக்கொடாத பிடிவாதம் ஆகிய மூன்றும் நாயகனிடம் இருந்தால் கம்பீரம். அவளிடம் இருந்தால் திமிர். இருந்தும் கால் நூற்றாண்டு கடந்து பெண்கள் நீலாம்பரியை நினைவில் வைத்திருக்கிறார்கள். தோற்கும் என்று தெரிந்தும் அந்த நடையை அவர்கள் இரசித்திருக்கிறார்கள்.

இவற்றுக்கு நடுவே 1978இல் ருத்ரய்யா இயக்கிய 'அவள் அப்படித்தான்' வந்தது. தலைப்பே தெருவில் பொறுக்கிய சொல். ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்கும் எவருக்கும் ஊர் தரும் தீர்ப்பு அது. "அவன் அப்படித்தான்" என்றால் மன்னிப்பு. "அவள் அப்படித்தான்" என்றால் தண்டனை. அந்த ஓர் எழுத்து வேறுபாட்டைப் படம் முழுவதும் விரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

மாற்றிய கைகள்

பழக்கம் மாறாதது என்று சொல்பவர்களுக்கு நம் கைக்கெட்டும் தொலைவிலேயே ஒரு சான்று உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் யாக்கோபின் கிணற்றுக்குச் சமாரியப் பெண் தண்ணீர் மொள்ள 'வந்தாள்'. 1995இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அவரே 'வந்தார்'. ஐந்து கணவர்களைக் கண்டவர், ஊரார் ஒதுக்கியவர், உச்சிவெயிலில் தனியே வந்தவர். அவருக்கு மொழிபெயர்ப்பாளர்கள் 'ஆர்' விகுதி தந்தார்கள். பவுலடியாரின் மடல்களில் 'சகோதரர்களே' என்றிருந்த விளி, 'சகோதர சகோதரிகளே' என்றாயிற்று. தொடக்கத்தில் சிலருக்கு அது காதில் உறுத்தியது. இன்று வாசகம் கேட்கும் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. செவி பழகிக்கொண்டது, நற்செய்தி எவ்வகையிலும் குறைந்துவிடவில்லை. மூலத்தில் இயேசு அப்பெண்ணோடு பேசிய நீண்ட உரையாடலுக்குப் பொருத்தமான விகுதி இப்போதுதான் தமிழில் கிடைத்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

2023 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றமும் நீதிபதிகளுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டது. தீர்ப்புகளில் 'கற்புள்ள பெண்' என்று எழுத வேண்டா, 'பெண்' என்றாலே போதும் என்பது போன்ற திருத்தங்கள் அதில் உள்ளன. நீதிமன்றத்தில் ஓர் அடைமொழி, சாட்சி சொல்ல வந்தவளைக் குற்றவாளியாக்கிவிடக்கூடும் என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை அது.

மொழியைத் திருத்தினால் வாழ்வு திருந்திவிடுமா என்று கேட்கலாம். 'அவர்' என்று அழைத்துக்கொண்டே அடிக்கும் வீடுகளையும் நாம் அறிவோம். விகுதி கூலியை உயர்த்தாது; இரவில் தெருவைப் பாதுகாப்பாக்காது. ஆனால் வாழாவெட்டி என்ற பெயருக்கு அஞ்சி அடியைத் தாங்கிக்கொண்டு இருந்துவிடும் பெண்கள் நம் அன்பியங்களிலேயே இருக்கிறார்கள். அந்தச் சொல் வாசலில் காத்திராவிட்டால் அவர்களுள் சிலர் உயிரோடு தாய்வீடு திரும்பியிருப்பார்கள்.

ஆகவே பெரிய தீர்மானங்கள் வேண்டா. நம் இல்லத் திருமணத்தின் அழைப்பிதழை எழுதும்போது கணவரை இழந்த தாயின் பெயரை முதலில் எழுதுவோம். பங்குத் திருவிழா அறிக்கையில் நன்கொடையாளர்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்டுவிட்டு, 'சமையலில் உதவிய பெண்கள்' என்று ஒரே வரியில் முடிக்காமல், அவர்களுடைய பெயர்களையும் கேட்டு எழுதுவோம். அதற்கு அரைப்பக்கம் கூடுதலாகத் தேவைப்படும். அச்சுச் செலவு சற்றே கூடும். அதை யாரேனும் ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம். அவர் பெயரையும் சேர்த்து அச்சிடலாம்.