தொண்டைமானாற்று வீச்சுவலைக்காரர்

வீச்சுவலைத் தொழிலில் வீசுவது கடைசி வேலை. அதற்கு முன் நடக்க வேண்டும், நிற்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்க வேண்டும். தொண்டைமானாற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பவர்களின் கண்ணில் படுவது வலை வானத்தில் வட்டமாக விரியும் அந்தக் கணம் மட்டும்தான். அந்தக் கணத்துக்காக ஒரு மனிதன் முழங்கால் தண்ணீரில் எவ்வளவு நேரம் அசையாமல் நின்றான் என்பதைப் பார்க்க வேண்டுமானால் பாலத்தை விட்டு இறங்கிக் கரையோரம் குந்தியிருக்க வேண்டும். மார்கழி மழை ஓய்ந்த ஒரு விடியற்காலையில் நான் அப்படித்தான் இருந்தேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் நீரேரியோடு கலந்துவிடுகிறது. தொண்டைமானாறு என்பது வடமராட்சி நீரேரி வடக்கே கடலைச் சேரும் வாய். சோழப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்வதற்காக வெட்டுவித்த கால்வாய் இது என்பது செவிவழிக் கதை. நீரேரியை நன்னீராக்கும் நோக்கத்தோடு 1950களில் இங்கே தடுப்பணை கட்டினார்கள். மாரியில் நீரேரி நிரம்பி அணைக் கதவுகள் திறக்கும்போது மழைவெள்ளம் கடலுக்குப் பாய்கிறது. குஞ்சாகக் கடலிலிருந்து உள்ளே வந்து நீரேரியில் வளர்ந்த இறால்கள், முட்டையிடுவதற்காக அந்த வெள்ளத்தோடு திரும்பிப் போகின்றன. அவற்றைத் தின்ன மீன்கள் வாய்க்கு வருகின்றன. மீன்களைத் தேடி மனிதர்கள் வருகிறார்கள்.

நான் பார்க்கப் போயிருந்த பெரியவருக்கு எழுபது வயது கடந்திருக்கும். தோளில் வலை, இடுப்பில் பனையோலை உமல், தலையில் துவாய். செல்வச்சந்நிதி முருகன் கோயில் பக்கம் திரும்பி ஒருமுறை கும்பிட்டுவிட்டு நீரில் இறங்கினார். அந்தக் கோயிலே ஒரு மீனவரோடு தொடங்கியது என்பது ஊர் மரபு. இந்த ஆற்றில் மீன்பிடித்த மருதர் கதிர்காமருக்கு முருகன் வெளிப்பட்டான் என்பார்கள். இன்றும் அவர் வழிவந்தவர்களே வாயைத் துணியால் கட்டி, மந்திரம் இல்லாமல் பூசை செய்கிறார்கள். 65 ஆலிலைகளில் அமுது படைக்கிறார்கள்.

“தம்பி, கதைக்கிறதெண்டால் கரையிலை நிண்டு கதையுங்கோ. தண்ணிக்குள்ளை வந்தால் கதை வேண்டாம்” என்றார் பெரியவர். பிறகு என் கால்களைப் பார்த்து, “கதையையும் விடுங்கோ. உங்கடை காலடிதான் அதுகளுக்கு முதல் கேக்கும்” என்றார்.

அவர் நடந்த விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். காலைத் தூக்கி வைக்கவில்லை. பாதத்தைச் சேற்றின் மேலேயே மெல்ல நகர்த்தினார். மண்ணில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் வாலிலுள்ள முள் காலில் ஏறும். பாதம் மெல்ல உரசினால் அது தானாகவே விலகிப் போய்விடும். இப்படி நடந்தால் நீரில் அதிர்வும் குறையும். மீனின் இரு பக்கத்திலும் தலை முதல் வால்வரை ஓடும் பக்கக்கோடு நீரின் சிறு அசைவையும் உணரும். “களக் களக்” என்று நடப்பவன் வீசத் தொடங்கும் முன்பே மீனைக் கலைத்துவிடுகிறான்.

அடுத்தது நிழல். சூரியன் முதுகில் இருந்தால் நீருக்குள் நன்றாகத் தெரியும். ஆனால் ஆளின் நிழல் முன்னால் விழுந்து மீனை விரட்டும். சூரியன் முகத்தில் இருந்தால் நிழல் பின்னால் போகும், ஆனால் நீரின் மினுக்கம் கண்ணைக் கட்டும். வெயில் ஒரு பக்கமாக விழும்படி நிற்பதே பெரியவரின் வழக்கம். மீனை நெருங்கும்போது முதுகை வளைத்துக் குனிந்துகொள்வார். இதற்கு ஒளியியலில் காரணம் இருக்கிறது. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகைக் கூம்பு ஒன்றுக்குள் சுருங்கித் தெரியும். தொலைவில் தாழ்வாக இருப்பவை அந்தக் கூம்பின் விளிம்பில் நசுங்கி மங்கிப் போகும். குனிந்தவன் அந்த விளிம்பில் மறைகிறான். நிமிர்ந்தவன் நடுவுக்கு வந்துவிடுகிறான்.

இதே விதியை இங்கிலாந்தின் ஹம்ப்ஷயர் ஆற்றங்கரைகளில் ட்றவுட் மீனுக்குத் தூண்டில் போட்டவர்களும் அறிந்திருந்தார்கள். இறகையும் நூலையும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியை நீரில் அமிழாமல் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுவது அவர்களின் கலை. பிரெட்றிக் ஹல்ஃபோர்ட் 1886இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். பூச்சி நீரில் எவ்வளவு மெதுவாக விழ வேண்டும், ஓட்டம் தூண்டில் கயிற்றை இழுத்தால் பூச்சி எப்படிச் செயற்கையாகச் சறுக்கும், மீன் எங்கே நின்று தின்னும் என்றெல்லாம் அந்த வழியில் வந்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். 1880களில் வெள்ளைக்காரர்கள் அந்த மீனின் சினையைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியா மலை ஓடைகளில் வளர்த்தார்கள். இலங்கையின் குளிர்ந்த மலைக்கு மீனோடு சேர்த்து அந்தக் கலையும் அதன் நூல்களும் சங்கங்களும் வந்தன. அதே தீவின் வடமுனையில் அதே அளவு நுட்பத்தோடு நீரைப் படித்தவர்களைப் பற்றி ஒரு கையேடுகூட என் கையில் கிடைத்ததில்லை. உள்ளூர் மீன்பிடியை ஒரு சாதியின் வேலையாகப் பார்த்த நம் பழக்கத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதே என் எண்ணம். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை நாம் பெருமையோடு சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். வல்வெட்டித்துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் இந்த வலைக்காரரின் அறிவும் அந்தப் பெருமையில் சேர வேண்டியதுதான்.

வலையைக் கரையில் விரித்துக் காட்டினார். வீச்சுவலையை உச்சியிலிருந்து பின்னத் தொடங்குகிறார்கள். சில கண்களோடு தொடங்கி, சுற்றுக்குச் சுற்றுக் கண்களைக் கூட்டிக்கொண்டே கீழே வருகிறார்கள். எந்தச் சுற்றில் எத்தனை கண் கூட்டுவது என்பதுதான் வலையின் உயிர். குறைவாகக் கூட்டினால் வலை குழாயாகத் தொங்கும், எவ்வளவு வீசினாலும் விரியாது. மிதமிஞ்சிக் கூட்டினால் விளிம்பு சுருங்கி மடிந்து கிடக்கும். விளிம்பில் ஈயமணிகள். அதற்கு உட்புறமாக வலையை மடக்கிக் கட்டிய மடிகள். வலையை இழுக்கும்போது மணிகள் ஒன்றாகக் கூட, மீன் கீழே தப்ப வழி தேடி அந்த மடிகளுக்குள் போய் மாட்டும். இறாலுக்குச் சின்னக் கண், திரளிக்கும் மணலைக்கும் பெரிய கண். ஒரே வலையால் எல்லாவற்றையும் பிடிக்க நினைப்பவனை அவர் மதிப்பதில்லை.

அவர் இளமையில் பருத்தி நூல் வலைதான். பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்துக் காயவைப்பார்கள், இல்லாவிட்டால் உப்புநீரில் உக்கிவிடும். பிறகு நைலோன் வந்தது. 1956இல் நோர்வே சென்ற அன்ரனி ராஜேந்திரத்தின் முயற்சியால் 1967இல் தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் படகுத்தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் நடத்தியது. நைலோன் உக்காது, உலர்த்தும் வேலையும் குறைவு. ஆனால் பருத்தி நனைந்ததும் கனத்து இறங்கும், நைலோன் அப்படி இறங்காது. வலை மெதுவாகத் தாழ்ந்தால் விளிம்பு மண்ணைத் தொடும் முன் மீன் வெளியேறிவிடும். அதனால் நைலோன் வலைக்கு ஈயம் கூட்ட வேண்டியிருந்தது. ஈயம் கூடினால் வீசும் கை சோரும். இந்த இரண்டுக்கும் நடுவில் தன் கைக்கு ஏற்ற அளவை ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்துக்கொள்கிறார்.

பெரியவரின் பேரன் ஒருவன் பழகிக்கொண்டிருந்தான். அவனுக்கு அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் வீச்சின் நுணுக்கம் எனக்குப் பிடிபட்டது. கயிற்றின் சுருக்கை இடக்கை மணிக்கட்டில் மாட்டி, கயிற்றைச் சுருளாகச் சேர்த்து, வலையை இடுப்பளவுக்கு மடித்துப் பிடிக்கிறான். விளிம்பில் ஒரு பங்கு இடது முழங்கைக்கு மேல், மறுபங்கு வலக்கையில். சிலர் மூன்றாவது பிடியாக ஈயமணியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். இதைக் கட்டாயம் விட வேண்டும். ஈயம் உடலில் சிறிது சிறிதாகச் சேரும் நஞ்சு. பெரியவர் மணியைக் கடிப்பதில்லை, அதற்கு மேலுள்ள நூலைத்தான் பிடிக்கிறார். பேரனுக்கும் அப்படியே பழக்கியிருக்கிறார்.

பையன் வீசினான். வலை விரிந்தது, ஆனால் ஒரு பக்கம் முதலில் விழுந்தது. பெரியவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

“என்ன சத்தம் கேட்டது?” என்றார்.

“சள சளவெண்டு, அப்பப்பா.”

“அப்ப மீன் போட்டுது. கையாலை எறியாதை. இடுப்பைத் திருப்பு, கை பிறகாலை வரும். இடக்கையைக் கடைசியா விடு.”

எல்லா மணிகளும் ஒரே நேரத்தில் நீரைத் தொட்டால் ஒரே சத்தம்தான் வரும். பையன் திரும்பத் திரும்ப வீசினான். அவர் காதால் மட்டுமே திருத்தினார். பையன் காற்றை எதிர்கொண்டு நின்றபோது தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். வாடைக்கு எதிரே எறிந்த வலை மடிந்து ஆளிடமே திரும்பி வரும். வலை ஒருமுறை சரியாக விழுந்ததும் பையன் மகிழ்ச்சியில் உடனே கயிற்றை இழுத்துவிட்டான். அதுவும் பிழையாம். விழுந்ததும் கயிற்றைத் தளர்த்தி வைத்து, மணிகள் மண்ணில் படியும்வரை பொறுக்க வேண்டும். பிறகு சிறுசிறு இழுப்பாக இழுத்தால்தான் விளிம்பு மண்ணை விட்டு எழும்பாமல் ஒன்றுகூடும். சாதாளை அடர்ந்த இடமானால் மணிகள் அதன் மேலே தங்கி, கீழே மீனுக்கு வழி விட்டுவிடும். ஆகவே எங்கே வீசக் கூடாது என்பதையும் படிக்க வேண்டும்.

பெரியவர் வீசியது ஒரே ஒரு முறை. அதற்கு முன் நெடுநேரம் நின்றார். காற்றின் சிற்றலை ஒரு பக்கமாக ஓட, அதற்குக் குறுக்கே இன்னொரு சுருக்கம் எழுந்ததை அவர் கண்டார். எனக்கு அது கடைசிவரை தெரியவில்லை. கூட்டம் நின்ற இடத்தில் வீசாமல் அது போகும் திசையில் சற்று முன்னால் வீசினார். ஒரே சத்தம். உமலில் கறிக்குப் போதுமான திரளியும் இரண்டு கீளியும்.

இந்தத் தொழிலில் வருமானம் குறைந்து வருகிறது. அதன் காரணங்களை அங்கே எல்லோரும் வெளிப்படையாகப் பேசுகிறார்கள். அணைக்கதவு மூடியிருந்தால் கிணறும் வயலும் உவராகாது என்பது கமக்காரரின் நியாயம். திறந்திருந்தால்தான் இறால் வந்துபோகும் என்பது மீனவரின் நியாயம். இரண்டும் சரியே. எந்த மாதத்தில் எவ்வளவு திறப்பது என்பதை இரு தரப்பையும் ஒன்றாக இருத்திப் பேசி முடிவெடுத்தால் பெரும்பகுதி தீரும். ஒற்றை இழையாலான தங்கூசி வலைக்கு அப்படி இரண்டு நியாயம் இல்லை. அது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அறுந்து நீரில் கிடக்கும் துண்டும் உக்காமல் ஆண்டுக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டிருக்கும். அதை இரவில் குறுக்கே கட்டிவிட்டால் நீரைப் படிக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே மிச்சம்தான்.

அந்தக் கரையிலிருந்து அதிக தூரமில்லை தொண்டைமானாறு வெளிக்கள நிலையம். அதன் பரீட்சைத் தாள்களை எழுதாத உயர்தர மாணவர் வடக்கில் மிகக் குறைவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியைக் கற்பிக்கும் துறையும் இருக்கிறது. ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் என் வேண்டுகோள் இது: ஒரு மாரிக்காலம் முழுவதும் இந்தப் பெரியவர்களோடு நீரில் இறங்குங்கள். கண் கூட்டும் கணக்கையும், காற்றுக்கும் வற்றுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்களையும், எந்த மாதம் எந்த மீன் எங்கே நிற்கும் என்பதையும் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, படம் எடுத்து, தமிழில் ஒரு கையேடாக வெளியிடுங்கள். இதைச் சொல்லித்தரக்கூடியவர்கள் பெரும்பாலும் எழுபது கடந்தவர்கள். வருகிற மாரிக்கே தொடங்குங்கள்.