தாமரைக்கு மிஞ்சிய இடம்

சினி ஏரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தாமரை பார்க்கத்தான் போகிறார்கள். பகாங்கில் உள்ள இந்த ஏரியை யுனெஸ்கோ 2009இல் உயிர்க்கோளக் காப்பகமாக்கியது. கேடு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வறட்சியிலும் சுற்றுலாப் படகு ஓடவேண்டுமென்று 1995இல் சினி ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். நீர்மட்டம் உயர்ந்து கரை மரங்கள் செத்தன, தாமரையும் குறைந்தது. சுரங்கமும் செம்பனைத் தோட்டமும் வேறு சேற்றை இறக்கின. ஆனால் அணை நம் உல்லாசத்துக்காகக் கட்டியது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

போன ஆகஸ்டில் அம்மாவோடு போனேன். பட்ட மரங்களுக்கிடையே வெகுநேரம் போனபின், ஒரு திருப்பத்தில் பத்துப் பதினைந்து பூக்கள். படகோட்டி ஜக்குன் பூர்வகுடிக்காரர். எஞ்சினை நிறுத்தினார்.

"என் சின்ன வயதில் இங்கே படகு நுழையவே வழியிருக்காது, காக்" என்றார் மலாயில்.

சாமி மேடைக்கு ஒன்று கேட்டு வாங்கலாம் என்று வழியெல்லாம் சொல்லிவந்த அம்மா, கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.