குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

சேரியில் பிறந்த பிள்ளைக்குப் படிவம் என்பது சின்ன விஷயம் இல்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதிதிராவிடர் நல விடுதி, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பட்டா மாறுதல் என்று எல்லாமே ஒரு கட்டத்தில் எதையோ எழுதிக் கொடுத்துத்தான் கிடைக்கின்றன. ஒரு எழுத்து மாறினால் ஒரு வருடப் படிப்பு போகும். தப்பு யாருடையது என்று எந்த அலுவலகமும் கேட்பதில்லை, அலைவது மட்டும் நம் மக்கள். கருங்குழியிலும் மதுராந்தகம் வட்டத்தின் மற்ற ஊர்களிலும் நாங்கள் செய்யும் வேலையில் பாதி, இப்படிக் காகிதங்களோடு உட்காருவதுதான்.

சில மாதங்களுக்கு முன் எங்களிடம் வந்தது இதுவரை வராத ஒரு படிவம். பிரிட்டிஷ் குடியுரிமை விண்ணப்பம். அனுப்பியவர் கருங்குழியில் பிறந்து, உதவித்தொகையில் நர்சிங் படித்து, இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்யும் பெண். அப்பா இல்லை. அம்மா இன்னும் நடவுக்கும் களை எடுக்கவும் போகிறவர். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். அடையாளம் தெரியும் விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

லண்டனில் வக்கீல்கள் இல்லையா, கருங்குழியில் இருப்பவர்களிடம் ஏன் வரவேண்டும் என்று கேட்கலாம். அந்தப் படிவத்தின் ஒரு பாதிக்கு விடை அவருடைய பாஸ்போர்ட்டில் இருக்கிறது. மறுபாதிக்கு விடை இங்கே, அவர் அம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது.

முதல் பாதியைச் சொல்லிவிடுவோம், பலருக்குப் பயன்படும். 1981 பிரிட்டிஷ் தேசிய உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி பொதுவான விண்ணப்பதாரர் 5 ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அந்த 5 ஆண்டில் நாட்டுக்கு வெளியே இருந்த நாள் 450-ஐத் தாண்டக்கூடாது. கடைசி 12 மாதத்தில் 90-ஐத் தாண்டக்கூடாது. நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும்; பிரிட்டிஷ் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர்களுக்கு விதி வேறு, அவர்களுக்கு 3 ஆண்டுக் கணக்கு. ஆங்கிலம் தெரியும் என்று காட்ட வேண்டும். அந்த நாட்டு வாழ்க்கை பற்றிய தேர்வில் 24 கேள்விக்கு 18 சரியாக வரவேண்டும்.

பலர் சறுக்குவது நாள் கணக்கில்தான். புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் வெளியே இருந்த நாளாக எண்ணப்படாது. ஜனவரி 10 கிளம்பி பிப்ரவரி 8 திரும்பினால் 28 நாள்தான் கணக்கு. இன்னொன்று, விண்ணப்பம் போய்ச் சேரும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அந்த 5 ஆண்டு தொடங்குகிற முதல் நாளில் ஆள் பிரிட்டனுக்குள் இருந்திருக்க வேண்டும். அந்த நாளில் ஊருக்கு வந்திருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் விண்ணப்பம் விழலாம். கட்டணம் 1,600 பவுண்டுக்கு மேல். நிராகரித்தால் விழாவுக்கான சிறு தொகை தவிர மற்றது திரும்பாது. இந்தப் பெண் அப்பாவின் சாவுக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் வந்த தேதிகளையெல்லாம் விமான டிக்கெட்டுகளை வைத்துத் தானே எழுதி முடித்துவிட்டார்.

அவர் நின்றது பெயரில்.

படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு அது கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். இது தானாக வந்த வழக்கம் இல்லை, போராடி வந்தது. 1929 பிப்ரவரியில் நம் செங்கல்பட்டில்தான் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நடந்தது. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பெண்களுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்றும் தீர்மானித்தார்கள். வட இந்தியாவில் ஒருவரின் பெயரைக் கேட்டதும் சாதி தெரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் அதற்கு இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு கேள்வியின் தூரத்தை வாங்கிக் கொடுத்தவர்களில் செங்கல்பட்டில் கூடியவர்களும் உண்டு.

ஆனால் பட்டத்தை விடுவதற்கு முதலில் பட்டம் இருக்க வேண்டும். நம் தாத்தாக்களுக்கு விடுவதற்கு ஒன்றும் இல்லை. முழுப்பெயரையே கொடுக்காதவர்கள் அவர்கள். இந்தப் பெண்ணின் அப்பா பெயரை முனுசாமி என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் முனுசாமி. ரேஷன் கார்டில் முனியன். இறப்புச் சான்றிதழிலும் முனியன். சாமி எப்போது அன் ஆனது? எழுதிய கை எதுவோ, அதற்குச் சேரி ஆளின் பெயரில் சாமி வருவது பொருந்தாமல் பட்டிருக்கிறது. அவரும் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறார். நிலத்துக்காரர் வீட்டுப் பொடிப்பையனும் “டேய் முனியா” என்றுதான் கூப்பிட்டான், காகிதமும் அப்படியே கூப்பிட்டது. இந்த வட்டாரத்தில் நாங்கள் பார்க்கும் பழைய காகிதங்களில் இப்படிக் குறுகிப்போன பெயர்கள் ஏராளம். இது எழுத்துப்பிழை என்றால் ஒருமுறையாவது முனியன் முனுசாமியாகப் பிழைத்திருக்க வேண்டும். நாங்கள் அப்படி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

பாஸ்போர்ட் எடுக்கும்போது பள்ளிச் சான்றிதழ்படி இனிஷியலை விரித்து, குடும்பப் பெயர் என்ற இடத்தில் முனுசாமி என்று போட்டிருந்தார். அதனால் அங்கே மருத்துவமனைப் பதிவில் அதுவே அவருடைய குடும்பப் பெயர். இப்போது குடியுரிமை வாங்கும் நேரத்தில், அங்கே தெரிந்த ஒருவர் அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார். அந்த நாட்டில் ஒரு பத்திரம் எழுதிப் பெயரை மாற்றிக்கொள்வது சுலபம், கேட்பதற்கு நாகரிகமாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள், பிள்ளைகளுக்கு நல்லது என்று. அவர் சொன்ன உதாரணங்கள் எல்லாமே ஆதிக்கச் சாதிப் பட்டங்கள். “என்ன செய்யட்டும் தோழர்?” என்று கேட்டார்.

நாங்கள் முடிவு சொல்லவில்லை. பெயர் அவருடையது. அம்பேத்கருடைய அப்பாவின் குடும்பப் பெயர் சக்பால் என்பதையும், அம்பேத்கர் என்ற பெயரின் வேர் அம்படவே என்ற அவர்களுடைய சொந்த ஊர் என்பதையும் சொன்னோம். 1929 தீர்மானத்தைச் சொன்னோம். சட்டப்படி மாற்றினால் பழைய பெயர்களையும் படிவத்தில் சொல்ல வேண்டும், எல்லா ஆவணத்திலும் ஒரே பெயர் இருந்தால் பின்னால் பாஸ்போர்ட் வாங்கும்போது இழுபறி இருக்காது என்ற நடைமுறையையும் சொன்னோம்.

இரண்டு நாள் கழித்துப் பேசினார். “அங்க எங்கப்பாவை ஒருத்தரும் மரியாதையா முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. இங்க தினமும் வெள்ளைக்காரப் பேஷண்டு எல்லாம் ‘நர்ஸ் முனுசாமி’ன்னு கூப்பிடுறாங்க. அதை நான் ஏன் மாத்தணும்?” என்றார். குடும்பப் பெயர் கட்டத்தில் முனுசாமி என்றே போனது. அப்பா பெயர் கட்டத்திலும் அதுவே. சில இந்திய ஆவணங்களில் முனியன் என்றிருப்பதும் அதே மனிதரே என்று கூடுதல் விவரத்துக்கான பகுதியில் ஒரு வரி சேர்த்தோம். இங்கே இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரமும் எழுதி வைத்தோம்.

அடுத்தது அம்மாவின் பிறந்த தேதி. பெற்றோரின் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், குடியுரிமை எல்லாம் படிவத்தில் கேட்கிறார்கள். அம்மாவிடம் போய்க் கேட்டோம். “எனக்கு என்னாத்த தெரியும் கண்ணு. ஏரித் தண்ணி ஊருக்குள்ள வந்த வருசம் பொறந்தேன்னு எங்க ஆயா சொல்லும்” என்றார். ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கிறது. நம் பெரியவர்கள் பாதிப்பேர் ஆதாரில் ஜனவரி 1-ல்தான் பிறந்திருக்கிறார்கள். பதிவுக்குப் போனவர் ஆண்டை மட்டும் குத்துமதிப்பாகச் சொல்ல, மீதியை அந்த இயந்திரம் நிரப்பிக்கொண்டது. நாங்கள் ஆதாரில் உள்ளதை எழுதி, பிறப்புப் பதிவு இல்லை, இந்தத் தேதி தோராயமானது என்று சேர்த்து எழுதினோம்.

இதை வலியுறுத்திச் சொல்கிறோம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது குற்றமில்லை. தெரிந்ததை மறைப்பதுதான் குற்றம். அந்தச் சட்டத்தின் 46-ஆம் பிரிவில் பொய்த் தகவலுக்குத் தண்டனை இருக்கிறது. 40-ஆம் பிரிவின்படி, மோசடியாலோ மறைத்ததாலோ கிடைத்த குடியுரிமையைப் பல ஆண்டு கழித்தும் பிடுங்கலாம். நன்னடத்தை பற்றிய பகுதியில் நீதிமன்ற அபராதம், வரி பாக்கி, பழைய விசா மீறல் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். சின்னதுதானே என்று விட்டுவிடக் கூடாது.

பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஊரும் நாடும் மட்டும் கேட்டிருந்தது. கருங்குழி, இந்தியா என்று எழுதினார். ரேஷன் கார்டிலும் பள்ளிப் பதிவேட்டிலும் அவருக்குக் கருங்குழி தனியாக வந்ததில்லை, பின்னால் காலனி ஒட்டிக்கொண்டுதான் வந்தது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஊர்த்தெருவுக்கும் நமக்கும் இடையில் இருக்கும் கோடு காகிதத்தில் மட்டும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

சாதி என்று ஒரு கட்டம் பிரிட்டிஷ் படிவத்தில் இல்லை. அதனால் அங்கே சாதி இல்லை என்று யாரும் ஏமாற வேண்டாம். விண்ணப்பத்துக்கு இரண்டு பேர் சான்று தரவேண்டும். குறைந்தது 3 ஆண்டு பழகியவர்களாக, உறவினர் அல்லாதவர்களாக, ஒருவராவது தொழில்முறைத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். இவர் முதலில் கேட்டது பொங்கல் விழாக்களில் பழகிய ஒரு தமிழரை. சரி என்றவர், “செங்கல்பட்டுப் பக்கம் எந்த ஊர், ஊருக்குள்ளயா?” என்று விசாரித்தார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டவர்கள் வார்டில் கூட வேலை செய்யும் ஒரு மூத்த செவிலியரும் பக்கத்து வீட்டு ஆசிரியரும். இருவருமே தமிழர் இல்லை.

அங்கேயும் சட்டம் பாதி வழியில்தான் நிற்கிறது. 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியையும் இனப்பாகுபாட்டின் பகுதியாகச் சேர்க்கலாம் என்று இடம் வைத்தார்கள். 2013-ல் சேர்த்தே ஆகவேண்டும் என்று நாடாளுமன்றம் திருத்தியது. 2018-ல் அரசு சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்பது அவர்கள் வாதம். அந்தத் தீர்ப்பை வாங்கிக் கொடுத்தவர் பெர்மிலா திர்க்கி என்ற ஆதிவாசிப் பெண். பிகாரிலிருந்து வீட்டுவேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, மணிக்கு 11 பென்ஸ் கூலியில் நான்கரை ஆண்டு உழைத்தவர். 2015-ல் அவருக்கு 1,83,000 பவுண்டுக்கு மேல் கூலி பாக்கி கொடுக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

கடைசியாக அவர் கேட்டது நிலம் பற்றி. இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955-ன் 9-ஆம் பிரிவின்படி, வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்றதும் இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதன்பின் வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை வாங்கலாம். பெயரில் குடிமக்கள் என்று இருந்தாலும் அந்த அட்டைக்கு வாக்கு இல்லை, அரசு வேலை இல்லை, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் வாரிசாக வருவதைப் பெறலாம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு தலித் பெண் நிலத்தைப் பற்றிக் கேட்பது சாதாரணக் கேள்வி இல்லை. இதே மாவட்டத்துக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையால்தான் 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10-ல் ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். “அப்பாவோட அந்த நாற்பது சென்ட்ல என் பங்கு போயிடாதே?” என்று அவர் கேட்டதில் இவ்வளவும் இருக்கிறது. போகாது என்றோம். ஆனால் இப்போதே வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் முடித்துவிடச் சொன்னோம். அந்த வேலை மதுராந்தகத்தில் நடந்துகொண்டிருக்கிறது. பிரிட்டிஷ் படிவத்தைவிட அதற்கு அதிக நாள் ஆகிறது.

விண்ணப்பம் போய்விட்டது. அனுமதி வந்தால் ஒரு விழாவில் உறுதிமொழி எடுக்க வேண்டும். கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், அல்லது கடவுளைச் சொல்லாமல் உளமார உறுதி கூறலாம். இவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இரண்டிலும் மன்னருக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசம் சொல்லியாக வேண்டும். குடியரசில் பிறந்த, பாபாசாகேப் முன்னின்று எழுதிய அரசியல் சட்டத்தால் படித்து மேலே வந்த பெண்ணுக்கு அது உறுத்தாமல் இல்லை. அதையும் எங்களிடம் சொன்னார். அவர் போவதைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இந்த நாடு அவர் அப்பாவின் பெயரை ஒருமுறையாவது முழுதாக எழுதியிருக்கலாம்.

வெளிநாடு போகிற, போக நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மா அப்பா இருக்கும்போதே அவர்களுடைய எல்லாக் காகிதத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெயர் எங்கெல்லாம் குறுகியிருக்கிறதோ அங்கெல்லாம் திருத்த மனு கொடுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் எங்களிடம் வாருங்கள். உங்கள் விசாவுக்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஊரிலேயே இருக்கப்போகிற முனுசாமிகளுக்கும் அது அவர்களுடைய பெயர்.

ஜெய்பீம்.